வீட்டுப் பட்டறையில் முதல் கத்தி: உலை மூட்டுவது முதல் கூர் தீட்டுவது வரை

கத்தி அடிக்கும் ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் விலை விசாரிப்பது, காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் பெரிய அடைகல்லையும் பெல்ட் கிரைண்டரையும்தான். அவை இரண்டும் இல்லாமலே நல்ல கத்தி செய்யலாம். இன்ன எஃகு என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பட்டையும், அதன் சூட்டை நிறம் பார்த்துச் சொல்லும் கண்ணும் இல்லாமல்தான் செய்ய முடியாது. வடிவம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கத்தி வெட்டும். சூடு தவறிவிட்டால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் நாலு முறை நறுக்கியதும் வாய் மழுங்கிவிடும், அல்லது கீழே விழுந்ததும் இரண்டாக உடையும். அதனால் இங்கே சூட்டைப் பற்றி நிறையவும் அலங்காரத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் எழுதுகிறேன். வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸில்.

இடமும் உடம்பும்

கூரை போட்டு, பக்கங்கள் திறந்திருக்கும் கொட்டகைதான் இதற்குச் சரியான இடம். கூரை மழைக்காக மட்டும் இல்லை. நிழலில் சிவப்பாகத் தெரியும் இரும்பு நேர் வெயிலில் கறுப்பாகத் தெரியும். நிறத்தைத்தான் நாம் வெப்பமானியாகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதால், தினமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் வேலை செய்யப் பழகுங்கள். மூடிய அறையில் உலை மூட்டவே கூடாது. கரி எரிந்தாலும் வாயு எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

தரை மண்ணாகவோ செங்கல்லாகவோ இருக்கட்டும். சிமென்ட் தரையில் காய்ந்த இரும்பு விழுந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, மேற்பரப்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். உடை பருத்தியில் இருக்க வேண்டும். செயற்கை இழையில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கால்சட்டையின் நுனியை பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடுங்கள், இல்லையென்றால் பொறி நேராகக் கணுக்காலுக்குப் போய்ச் சேரும். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். காதுக்கும் அடைப்பு வேண்டும். சுழலும் இயந்திரத்தின் முன்னால் மட்டும் கையுறை கூடாது, இயந்திரம் துணியைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

புதியவர்களைச் சுடுவது பெரும்பாலும் சிவந்த இரும்பு இல்லை, கறுப்பு இரும்புதான். 400 டிகிரியில் இருக்கும் துண்டும் பகல் வெளிச்சத்தில் சாதாரணக் கம்பி மாதிரியே கிடக்கும். எதை எடுப்பதாக இருந்தாலும் முதலில் புறங்கையை அதன் மேலே சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸும் பற்பசையும் வேண்டாம்.

இன்னொன்று. ஜி.ஐ. குழாய், பூச்சுப் போட்ட போல்ட் போன்ற துத்தநாகம் பூசிய எதையும் உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும்; அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். உலைக்கான ஊதுகுழாயாகக்கூட அதை நெருப்புப் படும் இடத்தில் வைக்கக் கூடாது.

உலை

தொடங்குவதற்கு மரக்கரி உலை போதும். ஓர் இரும்புத் தொட்டியில் களிமண்ணும் மணலும் கலந்து நிரப்பி, நடுவில் ஒரு பள்ளம் எடுத்து, பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாயைச் செருகினால் உலை தயார். காற்றுக்கு ஒரு ஹேர் டிரையர் தாராளம். அதன் முழு வேகம் சிறிய உலைக்கு அதிகம் என்பதால், குழாய்க்கும் டிரையருக்கும் நடுவே இடைவெளி விட்டு, வேண்டிய காற்றை மட்டும் உள்ளே விடுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் முதல் நெருப்பு.

இரும்பை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்று நுழையும் வாய்க்குப் பக்கத்தில் பிராணவாயு மிச்சம் இருக்கும். அங்கே வைத்தால் எஃகின் மேல் கரும்செதில் தடிமனாகப் படியும், மேற்பரப்பிலுள்ள கார்பனும் எரிந்து போகும். காற்றுவாய்க்கு மேலே ஒரு சாண் கரி, அதற்கு மேல் எஃகு, எஃகின் மேலும் கொஞ்சம் கரி என்ற வரிசையில் வையுங்கள். எஃகைக் கரிக்குள் செங்குத்தாகக் குத்தக் கூடாது, படுக்கையாக நுழைக்க வேண்டும்.

வாயு உலை சுத்தமானது, எப்போதும் ஒரே சூடு தரும். ஆனால் பர்னரை நீங்களே செய்ய முயலாமல், நம்பகமான ஒன்றை வாங்குங்கள். இணைப்புகளைச் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், சிலிண்டரை எட்டத்தில் வையுங்கள். உள்சுவருக்குச் செராமிக் கம்பளி போட்டால் அதன் மேல் தீயைத் தாங்கும் களிம்பு பூசாமல் விடாதீர்கள். அதன் இழை நுரையீரலுக்கு ஆகாது. உலை வாயிலிருந்து மெல்லிய ஆரஞ்சுச் சுடர் கொஞ்சம் வெளியே நீண்டால் காற்று அளவாக இருக்கிறது என்று பொருள்.

அடைகல், சுத்தியல், குறடு

தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தால் அதைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். படுத்த தண்டவாளம் அடியை வாங்கி அதிரும்; நின்ற தண்டவாளத்தில் அதன் முழு எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே இருப்பதால் அடியின் பலன் இரும்புக்கே போகும். பரப்பு சிறியதுதான். ஆனால் சுத்தியலின் முகமும் அவ்வளவுதானே. ஒரு மரக்கட்டையில் குழி எடுத்து அசையாமல் இறுக்குங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் கணுக்கள் எங்கே வருகின்றனவோ, அடைகல்லின் மேல்முகம் அந்த உயரத்தில் இருக்க வேண்டும்.

சுத்தியல் 800 கிராம் முதல் 1 கிலோ வரை. அதற்கு மேல் எடுத்தால் முழங்கைதான் வலிக்கும். கடைச் சுத்தியலின் முகம் விளிம்பில் கூர்மையாக இருக்கும். அதை உருட்டித் தேய்த்து விடாவிட்டால் ஒவ்வோர் அடியும் பிறை வடிவத் தழும்பு போடும், பிறகு அந்தத் தழும்பை அராவியே நேரம் போகும். பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள். கட்டை விரல் பிடியின் முதுகில் ஏறக் கூடாது.

குறடு இல்லையென்றால் கவலை வேண்டாம். முதல் கத்திக்குப் பட்டையை 40 செ.மீ. நீளத்தில் எடுத்து, ஒரு முனையில் கத்தியை அடித்து, மறுமுனையைக் கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம். பொருந்தாத குறட்டை விட இது பாதுகாப்பானது.

எந்த எஃகு

இரும்பு கடினமாவதற்குக் காரணம் கார்பன். சாதாரண மைல்ட் ஸ்டீலில் அது 0.2 சதவீதம் அளவில் இருக்கும். எவ்வளவு காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்துச் சட்டென்று ஆற்றினாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. கத்திக்கு 0.6 முதல் 1 சதவீதம் வரை வேண்டும். தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை 1084 என்ற எண்ணுள்ள எஃகு. கார்பன் ஏறக்குறைய 0.8 சதவீதம். அந்த அளவில் கார்பன் முழுவதும் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும், நீண்ட நேரம் ஒரே வெப்பத்தில் பிடித்து வைக்க வேண்டியதில்லை. கண்ணை நம்பிக் காய்ச்சுகிறவருக்கு இதைவிடப் பொறுமையான எஃகு கிடையாது. 1075, 1080 கிடைத்தாலும் சரி. 1095 பெயர் பெற்றதுதான். ஆனால் அதைத் தோய்க்க, சூட்டை மிக வேகமாக இழுக்கும் எண்ணெய் வேண்டும், முதல் கத்திக்கு வேண்டாம்.

பழைய லாரியின் பட்டை வில், பழைய அரம் என்று சும்மா கிடைப்பவற்றின் மேல் ஆசை வரும். பட்டை வில்லில் பலவகை எஃகு உண்டு. 5160 வகை என்றால் நல்ல கத்தி வரும், ஆனால் அதுதானா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பல வருடம் வளைந்து நிமிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் உள்ளே இருக்கலாம். சில மலிவு அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினம். மூன்று நாள் வேலைக்குப் பிறகு தோய்க்கும்போது விரிசல் கண்டால், மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்று தோன்றும். பழைய இரும்பைக் கொக்கிக்கும் உளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப் பழக்கத்துக்குக் கொக்கி

உடனே கத்தியில் கை வைக்க வேண்டாம். 10 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கம்பியில் முதலில் கூம்பு இழுத்துப் பழகுங்கள். உருண்டைக் கம்பியை உருண்டையாகவே கூராக்க முயன்றால் நடுவில் பிளந்துவிடும். முதலில் சதுரமாக்கி, சதுரமாகவே கூம்பி, பிறகு நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும். அதை வளைத்தால் தொங்கவிடும் கொக்கி. பத்துப் பதினைந்து கொக்கி அடிப்பதற்குள் அடி எங்கே விழுகிறது என்பதும், இரும்பு எந்த நிறத்தில் இளகுகிறது, எந்த நிறத்தில் முறைக்கிறது என்பதும் கைக்குப் பழகிவிடும்.

கத்தியை அடிப்பது

அலகு, அதாவது பிடி நீங்கலான வெட்டும் பகுதி, 9 அல்லது 10 செ.மீ. உள்ள சிறிய கத்தி முதல் முயற்சிக்குச் சரியான அளவு. 5 மி.மீ. தடிமன், 30 மி.மீ. அகலமுள்ள பட்டையை எடுங்கள். பிடிப் பகுதியும் முழு அகலமாகவே இருக்கட்டும். பிறகு இருபக்கமும் மரம் வைத்து ஒட்டுவது எளிது. முதலில் அட்டையில் வரைந்து வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள்.

ஆரஞ்சு நிறத்தில் எடுத்து அடியுங்கள், சிவப்பு மங்கியதும் நிறுத்தி மறுபடி உலையில் வையுங்கள். மங்கிய பிறகும் "இன்னும் ரெண்டே ரெண்டு அடி" என்று அடிப்பதில்தான் விரிசல் விழுகிறது. மறுபக்கம், எஃகிலிருந்து மத்தாப்புப் பொறி பறந்தால் அது எரிந்துவிட்டது, அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். அடிக்கத் தயாராக இல்லாதபோது எஃகை உலையில் சும்மா வேகவிடாதீர்கள்.

முனையிலிருந்து தொடங்குங்கள். பட்டையை விளிம்பில் நிறுத்தி முனையை அடித்துக் கூராக்கும்போது பக்கவாட்டில் உப்பும். உடனே படுக்கப் போட்டுத் தட்டிச் சமன் செய்யுங்கள். முனையின் இரு மூலைகளும் உதடு மாதிரி முன்னால் நீண்டு நடுவில் பிளவு தெரிந்தால், அதை மடித்து அடித்து மறைக்காமல் அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மடித்த இடம் ஒருபோதும் ஒட்டாது, தோய்க்கும்போது அங்கேதான் வெடிக்கும்.

அடுத்தது வாய்ப் பக்கத்துச் சரிவு. வாய்ப் பக்கத்தை மெலிதாக்கினால் அந்தப் பக்கம் நீளும், முதுகுப் பக்கம் நீளாது. விளைவாக அலகு முழுவதும் முதுகை நோக்கி வாழைப்பழமாக வளையும். இதை எதிர்பார்த்து, சரிவு அடிக்கும் முன்பே அலகை வாய்ப் பக்கமாகக் கொஞ்சம் வளைத்துக்கொண்டால், அடிக்க அடிக்கத் தானாகவே நேராகும். இருபக்கமும் மாறி மாறிச் சம அளவு அடியுங்கள். வாயைக் கூராக்கிவிடாமல் 2 மி.மீ. தடிமனாவது விட்டுவையுங்கள், மேல்தோலில் கார்பன் இழந்த பகுதியை எப்படியும் பிறகு தேய்த்து எடுக்க வேண்டும்.

இளைப்பாற்றலும் அராவலும்

அடித்து முடித்த எஃகுக்குள் மணிகள் (எஃகு உருவான நுண்ணிய படிகங்கள்) பெருத்தும் இழுவிசை ஏறியும் இருக்கும். அதைச் சரிசெய்வதுதான் நார்மலைசிங். சுமார் 870 டிகிரிக்குக் காய்ச்சி, அசையாத காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். இரண்டாம் முறை கொஞ்சம் குறைவாக, 820 அளவில். மூன்றாம் முறை 790 அளவில். தண்ணீரிலோ விசிறிக்கு முன்னாலோ ஆற்ற வேண்டாம். பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காத வேலை என்பதால் பலர் தாண்டிப் போகிறார்கள்.

பிறகு அரம். வைஸில் இறுக்கி வடிவத்தையும் சரிவையும் அராவுங்கள். அரம் முன்னோக்கிப் போகும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். பிடிக்கு ஆணி போடும் துளைகளை இப்போதே போட வேண்டும், கடினமான பிறகு டிரில் நுழையாது. வாயின் தடிமன் 1 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். அதைவிட மெலிதானால் தோய்க்கும்போது நெளியும். ஆழமான கீறல்கள், கூர்மையான உள்மூலைகள் இருந்தால் தேய்த்து உருட்டி விடுங்கள். விரிசல் தொடங்கும் இடம் அதுதான்.

தோய்ச்சல்

கத்தியைத் தொடும் முன் அதே பட்டையில் வெட்டிய ஒரு விரல் நீளத் துண்டைத் தோய்த்துப் பாருங்கள். தோய்த்த துண்டைத் துணியால் சுற்றி வைஸில் பிடித்து, கண்ணாடி அணிந்துகொண்டு, சுத்தியலால் ஒடியுங்கள். ஒடிந்த முகம் மென்மையான சாம்பல் நிறத்தில் இருந்தால் உங்கள் சூடு சரி. சர்க்கரை மாதிரி மினுமினுத்தால் அதிகம் காய்ச்சிவிட்டீர்கள், மணி பெருத்துவிட்டது. ஒடியாமல் வளைந்தால் சூடு போதவில்லை. எந்தப் புத்தகத்தைவிடவும் இந்த ஒரு துண்டு அதிகம் சொல்லும்.

எண்ணெய்க்கு உயரமான இரும்புப் பாத்திரம், இறுக்கமான மூடி. பிளாஸ்டிக் வாளி ஆகவே ஆகாது. 4, 5 லிட்டர் தாவர எண்ணெய் போதும். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், புகை நச்சு. எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருக்கக் கூடாது, இருந்தால் பொங்கித் தெறிக்கும். ஒரு காய்ந்த கம்பியை விட்டு எண்ணெயை 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் மெலிந்து ஓடும், எஃகைச் சுற்றி வரும் ஆவிப் படலத்தைச் சீக்கிரம் உடைக்கும். தண்ணீரில் தோய்த்தால் 1084 வெடிக்க வாய்ப்பு அதிகம்.

மாலை மங்கலில் செய்யுங்கள். காற்றைக் குறைத்து, கத்தியை முன்னும் பின்னும் நகர்த்தியபடி மெதுவாகக் காய்ச்ச வேண்டும். முனை மெலிது, அவசரப்பட்டால் அது மட்டும் முந்திப் போய்விடும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். காந்தத்தை ஒரு கம்பி நுனியில் கட்டி வைத்து அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் போனதும் உடனே தோய்க்கக் கூடாது. இன்னும் ஒரு சாயல் பிரகாசமாக, 815 டிகிரி அளவுக்குப் போக வேண்டும்.

மங்கல் வெளிச்சத்தில் இன்னொரு அடையாளமும் தெரியும். சூடு ஏறிக்கொண்டிருக்கும் எஃகுக்குள் கருநிழல் ஒன்று தோன்றி, மெலிந்த வாயிலிருந்து தடித்த முதுகை நோக்கி நகரும். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது அது வெப்பத்தை உறிஞ்சுவதால், அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் சூடு ஏறாமல் நிற்கிறது. கடைசி நிழலும் கரைந்து அலகு முழுவதும் ஒரே நிறமானால் மாற்றம் முடிந்தது. நிழல் தெரிய ஆரம்பித்தபின் காந்தம் எனக்கு இரண்டாம் சாட்சிதான்.

எடுத்ததும் தயங்காமல் எண்ணெய்க்குள் நேர் செங்குத்தாக, அலகு முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். மேலும் கீழுமாகவோ வெட்டும் திசையிலோ அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் கோணும். பாதி மூழ்கிய எஃகுதான் எண்ணெயைப் பற்ற வைக்கும். பற்றினால் பதறாமல் மூடியைப் போடுங்கள், காற்று இல்லாமல் அணைந்துவிடும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு விநாடியில் புகைந்துகொண்டே வெளியே எடுத்து, முதுகு வழியாகப் பாருங்கள். கோணல் இருந்தால் நிமிர்த்த இதுதான் நேரம். எஃகு முழுமையாகக் கடினமாவது ஏறத்தாழ 220 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கத்தான், அதற்கு முன் உள்ள சில விநாடிகள் அது இணங்கிக் கொடுக்கும். தடித்த தோல் கையுறையோடு இரண்டு மரப்பலகைக்கு நடுவே அழுத்தலாம். ஆறிய பிறகு அழுத்தினால் ஒடிந்துவிடும்.

முழுவதும் ஆறியதும் பழைய அரத்தை வாயில் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் வெற்றி. கடித்தால் மேல்தோல் மட்டும் மென்மையாக இருக்கலாம், இன்னும் இரண்டு இழுப்பு இழுங்கள். அப்போதும் கடித்தால் மறுபடி ஒரு நார்மலைசிங், மறுபடி தோய்ச்சல்.

பதமாக்குதல்

இப்போது கத்தி மிகக் கடினம், அதே அளவு நொறுங்கும். கீழே போடாமல், ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பில் வையுங்கள். மின் ஓவனில் 200 டிகிரி, 2 மணி நேரம். அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு மறுபடியும் 2 மணி நேரம். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாதீர்கள், தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். ஒரு தட்டில் மணலைப் பரப்பி அதற்குள் கத்தியைப் புதைத்தால் சூடு ஏறி இறங்குவது குறையும். முதலில் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும். கனமாகக் கொத்தும் கத்தி என்றால் 230 வரை போகலாம். கூர் கொஞ்சம் சீக்கிரம் போகும், வாய் உதிராது.

மெருகு, பிடி, கூர்

இதற்கு மேல் எஃகு சூடாகக் கூடாது. கிரைண்டரில் தேய்க்கிறீர்கள் என்றால் வெறுங்கையால் பிடித்து, ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். வாயில் நீலம் தெரிந்தால் அங்கே பதம் போய்விட்டது, தோய்ச்சலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தூசிக்கு நல்ல முகவடிப்பான் வேண்டும், துணி போதாது. கையால் செய்பவர்கள் உப்புத்தாளை 120, 220, 400 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் மிச்சமிருப்பது தெரியும். வாய் அரை மி.மீ.க்குக் கீழே வரும்வரை மெலிதாக்குங்கள். புதியவர்களின் கத்தி வெட்டாததற்குப் பாதிக் காரணம் கூர் போதாதது இல்லை, வாய் தடித்திருப்பதுதான்.

பிடிக்கு நன்றாகக் காய்ந்த கடினமரம், 5 மி.மீ. பித்தளைக் கம்பி, எப்பாக்சி. ஒட்டும் பரப்பைச் சொரசொரப்பாக்கி ஆல்கஹாலால் துடையுங்கள். கிளாம்பை மிக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். ஒரு நாள் காயட்டும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

கூர் தீட்டுவது கடைசி. பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிக் கோணம், முதலில் 400 எண்ணுள்ள தீட்டுக்கல், பிறகு 1000 எண்ணுள்ளது. ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் விரலால் தடவினால் பிசிர் தட்டுப்பட வேண்டும், அடி முதல் நுனி வரை. தட்டும் வரை மறுபக்கத்துக்குப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் பிசிர் கண்டபின் அழுத்தம் குறைத்து மாறி மாறித் தேய்த்து, தோல்வாரில் இழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள்.

1084 துருப்பிடிக்கும் எஃகு. பயன்படுத்தியதும் கழுவி, துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி வையுங்கள். நாளடைவில் படியும் சாம்பல் நிறப் படலம் துரு இல்லை, அதைத் தேய்க்க வேண்டாம். கத்தியை வெளியே கொண்டுபோவதற்கும் விற்பதற்கும் உங்கள் ஊரில் என்ன சட்டம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கத்தியையும் இதே எஃகில், இதே அட்டை வடிவில் செய்யுங்கள். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே மாறியது என்று பார்க்க முடியும்.